ஸ்ட்ராங் பீர் நாக்குக்கு கிராஃப்ட் பீர் ஒத்து வருமா?

கேள்வி: 2024 பிப்ரவரி 10

மதுரைக்காரன். இருபது வருடமாக ஸ்ட்ராங் பீர் தவிர வேறு தொட்டதில்லை. போன வாரம் பெங்களூரில் ஆபீஸ் பையன்கள் கிராஃப்ட் பீர் என்று சொந்தமாகக் காய்ச்சி ஊற்றுகிற ஒரு இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். கண்ணாடி கிளாஸில் கலங்கலாக ஒன்று வந்தது. ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும் போட்டது என்றார்கள். எனக்கு அது ஆறிப்போன ரசம். கிக்கும் ஏறவில்லை. இதற்குத்தான் எல்லாரும் ஆகா ஓகோ என்கிறீர்களா, இல்லை என் நாக்கில்தான் கோளாறா?

பிப்ரவரி 10, இரவு

எனக்கும் முதல் கிளாஸ் அப்படித்தான் இருந்தது, கவலைப்படாதீர்கள். நான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். கோரிப்பாளையத்திலிருந்து திருமங்கலம் வரை ஐஸ்கிரீம் கடை, மீன் கடை, ஜிகர்தண்டா கடை, பார் என்று எல்லா ஃப்ரீசரிலும் கை வைத்தவன், அதனால் பீரையும் கம்ப்ரசர் பக்கத்திலிருந்துதான் பார்ப்பேன். நம் ஊரில் பீர் வாங்குகிறவர் முதலில் கேட்பது "கூலிங் இருக்கா?" கம்பெனி பெயர் அப்புறம்தான். சில்லென்று இருந்தால் நாக்கு மரத்துப்போகும், இனிப்பும் வாசனையும் தெரியாது, கேஸ் குத்துவது மட்டும் தெரியும். இருபது வருடமாக நீங்கள் பீரில் ருசித்தது குளிரைத்தான். சந்தேகமிருந்தால் உங்கள் ஸ்ட்ராங் பீரை கிளாஸில் ஊற்றி அரை மணி நேரம் மேசையில் வைத்துவிட்டுக் குடித்துப் பாருங்கள். ஒரு தித்திப்பு, அதற்குப் பின்னால் ஸ்பிரிட் வாடை, அவ்வளவுதான் மிஞ்சும். அந்த ரசத்தையும் அரை மணி நேரம் கழித்துக் குடித்துப் பாருங்கள், அதில் அப்போதுதான் கதையே ஆரம்பிக்கும்.

பிப்ரவரி 11

கிக் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். 650 மில்லி பாட்டில், 8 சதவீதம் என்றால் உள்ளே இருக்கும் ஆல்கஹால் 52 மில்லி. நீங்கள் பெங்களூரில் குடித்தது 330 மில்லி, 5 சதவீதம் என்று வைத்தால் பதினாறரை மில்லி. மூன்று கிளாஸ் குடித்தால்தான் நம் ஒரு பாட்டில். 180 மில்லி குவார்ட்டரில் 42.8 சதவீதம், அதாவது 77 மில்லி. கூலிக்குப் போய்விட்டு வருகிற ஆள் எதை வாங்குவார் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். இந்தியாவில் விற்கிற பீரில் பெரும்பகுதி ஸ்ட்ராங்தான், ருசியை வைத்து யாரும் வாங்கவில்லை, கொடுத்த காசுக்கு எவ்வளவு ஏறுகிறது என்ற கணக்குதான். இதைத் தப்பென்று நான் சொல்ல மாட்டேன். நானும் அந்தக் கணக்கில் பத்து வருடம் ஓட்டியவன்.

பிப்ரவரி 14

மேலூர் தம்பி ஒருவர் கேட்கிறார், கோதுமை பீரில் வாழைப்பழ வாசனை வருகிறதே, பழம் போடுகிறார்களா என்று. ஆமாம், போடுவார்கள், மலைவாழையாக இருக்கும்.

பிப்ரவரி 15

நேற்று எழுதியது தப்பு. பாதி விளையாட்டாக எழுதினேன், மீதி பாதியை நானே நம்பிக்கொண்டிருந்தேன் என்பது இன்று காலை பெங்களூர் மச்சினன் போனில் சிரித்தபோதுதான் தெரிந்தது. ஜெர்மனி பாணி கோதுமை பீரில் பழமும் கிடையாது, கிராம்பும் கிடையாது. அந்த வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் ஈஸ்ட் தானாகச் செய்வது. புளிக்கவைக்கிற சூடு ஏறினால் வாழைப்பழம் தூக்கலாக வரும். நம் கேள்விக்காரர் குடித்தது வேறு வகை. அது பெல்ஜியம் பாணி, அதில் நிஜமாகவே ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும் போடுவார்கள். அவர் ரசம் என்று சொன்னதில் கொத்தமல்லி வரைக்கும் நியாயம் உண்டு.

பிப்ரவரி 25

எதிர்பார்த்தது வந்துவிட்டது. "நம்ம ஊர் பீர்ல கிளிசரின் கலக்குறாங்கண்ணே, அதான் தலைவலி." இதை எனக்கு முதலில் காட்டியவர் செல்லூரில் ஒரு தறிக்காரர். மூடியைத் திறந்து, கட்டைவிரலால் வாயை அடைத்து, பாட்டிலைத் தலைகீழாகத் தண்ணீர் டம்ளருக்குள் இறக்கினார். விரலை எடுத்ததும் பாட்டில் வாயிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு கனமான இழை நெளிந்து நெளிந்து அடியில் போய்ப் படுத்தது. "பாத்தியா, கிளிசரினு." அன்றிலிருந்து நானும் பல வருடம் இதைச் செய்தேன், நாலு பேருக்குக் காட்டியும் இருக்கிறேன்.

அப்புறம் ஒரு ஜிகர்தண்டா கடையில் ஃப்ரீசர் வேலை. கேஸ் ஏறிக்கொண்டிருக்க, சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் ஒரு யோசனை வந்தது. காலி பாட்டில் ஒன்றில் நன்னாரி சர்பத்தைத் தண்ணீர் விட்டு நீர்க்கக் கலந்து, அதே மாதிரி விரலால் அடைத்து, தண்ணீர் டம்ளரில் கவிழ்த்தேன். அதே இழை! அதே நெளிவு, நிறம் கூடக் கிட்டத்தட்ட அதே. கடைக்காரர் என்ன பண்றீங்க என்று எட்டிப் பார்த்தார். சர்பத்தில் சர்க்கரை இருக்கிறது, தண்ணீரை விடக் கனம், அதனால் கீழே இறங்குகிறது. இறங்கின இடத்துக்குத் தண்ணீர் மேலே ஏறுகிறது. பீரிலும் புளிக்காமல் மிச்சம் நிற்கிற சர்க்கரைச் சத்து கொஞ்சம் இருக்கும், அதுவும் தண்ணீரை விட ஒரு பொடி கனம். ஆகக் கீழே போனது பீர்தான். இத்தனை வருடம் நான் பீரைக் கொட்டிவிட்டுத் தண்ணீர் கலந்து குடித்திருக்கிறேன்.

(எந்தப் பீர் புளித்தாலும் கிளிசரின் தானாக ஓர் அளவு உண்டாகும், வைனிலும் அப்படியே. தலைவலிக்கு 52 மில்லியையும் அன்றைக்குத் தண்ணீர் குடிக்காததையும் முதலில் சந்தேகப்படுங்கள்.)

மார்ச் 3

நாக்கு எப்படி மாறுகிறது என்று கேட்டவர்களுக்கு என் மச்சினனைக் காட்டுகிறேன். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி பெங்களூர் போனவன். 2013இல் நான் முதல் தடவை போனபோது இந்திராநகரில் டாய்ட் என்ற பீர் கடைக்குக் கூட்டிப்போனான். அது 2010இல் திறந்தது. இந்தியாவில் இந்த மாதிரி இடத்திலேயே காய்ச்சி அங்கேயே ஊற்றுகிற கடைகள் குர்கானிலும் புனேயிலும் 2008, 2009 வாக்கில்தான் ஆரம்பித்தன, அப்போது இதெல்லாம் புதுசு. எல்லாரும் மெனுவைப் பார்க்க, நான் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த டாங்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எவர்சில்வர் டாங்க், அதைச் சுற்றி சட்டை போட்ட மாதிரி இன்னொரு சுவர், இரண்டுக்கும் நடுவே கிளைக்கால் (தண்ணீர் உறையாமலிருக்கக் கலக்கிற திரவம்) கலந்த குளிர்தண்ணீர் ஓடுகிறது, மொட்டை மாடியில் சில்லர். ஒவ்வொரு டாங்குக்கும் தனி டெம்பரேச்சர். கிளிசரின் கட்சிக்காரர்கள் கவனிக்க: இது கிளைக்கால், அதுவும் பீருக்குள் இல்லை, டாங்கின் சட்டைக்குள் ஓடுவது.

அங்கே வேலை பார்த்த பையன் ஒருவன் என் ஆர்வத்தைப் பார்த்துவிட்டு விளக்கினான். ஏல் வகை ஈஸ்ட் 20 டிகிரி பக்கம் வேலை செய்யும், இரண்டு மூன்று வாரத்தில் பீர் தயார், டாங்க் காலி. லாகர், அதாவது நாம் வழக்கமாகக் குடிக்கிற பீர் வகை, அதன் ஈஸ்டுக்கு 10, 12 டிகிரி வேண்டும், அப்புறம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வாரக்கணக்கில் கிடக்க வேண்டும். ஒன்றரை மாதம் ஒரு டாங்க் முடங்கும். புதுக்கடை, கடன் வட்டி, நாலே டாங்க். எதை முதலில் காய்ச்சுவான்? எனக்கு அங்கேதான் விளங்கியது. ஊரே கோதுமை பீரில் ஆரம்பித்ததற்குப் பாதி காரணம் டாங்க்கணக்கு. மீதி பாதி, அது கசக்காது.

மச்சினன் அந்த வருடம் கோதுமை. அடுத்த கோடையில் மாம்பழ பீர் என்று போனில் குதித்தான். 2015இல் பீரா என்ற பிராண்ட் வந்தது, முதலில் பெல்ஜியத்தில் காய்ச்சி இறக்கினார்கள், அதோடு பாட்டிலிலும் கலங்கல் பீர் வந்துவிட்டது, கலங்கல் என்றால் கெட்டுப்போனது என்ற பேச்சு பெங்களூரில் நின்றது. அப்புறம் அவனுக்குக் கசப்புப் பைத்தியம். ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) என்ற கசப்பு பீர் தவிர வேறு எதையும் பீர் என்றே சொல்ல மாட்டான். சாதாரண லாகரில் கசப்பளவு பத்து, பதினைந்து இருக்கும். இவன் நாற்பது, எழுபது என்று ஏறிக்கொண்டே போனான், சுண்டைக்காய் வற்றல் சாப்பிடுகிற வீட்டில் பிறந்தவனுக்கு அதில் என்ன சாதனை என்று அவன் அக்கா கேட்டாள். கசப்பு அலுத்ததும் பழச்சாறு மாதிரி கலங்கலான ஐபிஏ. அப்புறம் புளிப்பு.

போன தீபாவளிக்கு ஊருக்கு வந்தவன் என்ன கேட்டான் தெரியுமா? "மாமா, சிம்பிளா ஒரு லைட் லாகர் போதும்."

மார்ச் 4

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு அரசரடிக்காரர், "அப்ப பதினோரு வருசம் சுத்திட்டு ஆரம்பிச்ச எடத்துக்கே வந்துட்டாரு" என்கிறார். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் அவன் குடிக்கிற விதம் வேறு. கிளாஸில் ஊற்றி, நுரை இறங்கட்டும் என்று காத்திருந்து, முகர்ந்து பார்த்துவிட்டு "வெண்ணெய் வாடை வருது, அவசரத்துல இறக்கிட்டாங்க" என்றான். நானும் முகர்ந்தேன். ஆமாம், தியேட்டர் பாப்கார்ன் வாடை. ஈஸ்ட் புளிக்கவைக்கும்போது அந்த வாடையை உண்டாக்கும், போதுமான நாள் விட்டால் அதுவே திரும்பத் தின்றும்விடும். இத்தனை வருடம் என் மூக்கு எங்கே போயிருந்தது? குளிரில்தான். வெறும் லாகரில் ஆரஞ்சுத் தோலோ மாம்பழமோ போட்டுத் தப்பை மறைக்க முடியாது என்பதை அவன் கசப்பும் புளிப்பும் தாண்டி வந்தபின்தான் கண்டுபிடித்திருக்கிறான். எனக்கு அதைக் காட்ட அவன் ஒருத்தன் வரவேண்டியிருந்தது.

ஏப்ரல் 7

வெயில் கொளுத்துகிறது. சொந்த அனுபவம் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பாட்டில் வாங்கி பைக் பெட்டியில் போட்டேன். வழியில் ஒரு சர்வீஸ் கால். போனேன், கம்ப்ரசர் மாற்ற வேண்டியிருந்தது, மூன்று மணி நேரம் வண்டி வெயிலில். வீட்டுக்கு வந்ததும் அவசரத்தில் இரண்டையும் ஃப்ரீசரில் படுக்கப்போட்டுவிட்டுத் தூங்கிப்போனேன். முப்பது வருடம் ஊருக்கே ஃப்ரீசர் பார்க்கிறவன்! பீர் பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு மூன்று டிகிரியில் உறையும், உறைந்தால் இடம் போதாது, பாட்டில் விரிசல் விடும். ஒன்று வெடித்துவிட்டது. பக்கத்தில் சாயங்காலக் குழம்புக்கு வைத்திருந்த அயிரை மீன். கண்ணாடித் துண்டும் பீர் ஐஸும் கலந்த அயிரையை அப்படியே குப்பையில் போட வேண்டியதாயிற்று. அயிரை கிலோ என்ன விலை என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் அன்றைக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

தப்பித்த மறு பாட்டிலைக் குடித்தேன். நனைந்த அட்டைப்பெட்டியை மென்ற மாதிரி இருந்தது. சூட்டில் பழசாகிற பீர் இப்படித்தான் ஆகும். வெளிச்சம் பட்டால் வேறு நாற்றம், கசப்புக்கும் வாசனைக்கும் போடுகிற ஹாப்ஸ் பூவின் சத்து உடைந்து வருவது. பழுப்பு பாட்டில் அதைத் தடுக்கும், பச்சையும் வெள்ளையும் தடுக்காது. முன்பெல்லாம் இதை நான் கவனித்திருக்கவே மாட்டேன். நாக்கு பழகுவதில் இப்படி ஒரு நஷ்டமும் இருக்கிறது, சந்தோஷமாகக் குடித்துக்கொண்டிருந்த பல பாட்டிலை இனிமேல் சந்தோஷமாகக் குடிக்க முடியாது.

ஏப்ரல் 19

தேர்தலுக்காக மதுக்கடை மூடி மூன்றாம் நாள். ஓட்டுப் போட்டுவிட்டு வந்து சும்மா இருக்கிறேன், எழுதுகிறேன்.

நமக்கு ஏன் பெங்களூர் மாதிரி வரவில்லை என்று நெல்லை நண்பர் கேட்டிருந்தார். நம் ஆட்களுக்குக் குடிக்கத் தெரியாது என்கிறார். ஒத்துக்கொள்ள மாட்டேன். ராஜாஜி 1937இல் சேலத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தார். 1971இல் எடுத்தார்கள், கொஞ்ச வருடத்தில் திரும்ப வந்தது, 1981இல் திரும்பப் போனது. 1983இல் டாஸ்மாக், 2003இலிருந்து சில்லறை விற்பனையும் அதனிடமே. நடுவில் 1987இல் கள்ளுக்குத் தடை, அது இன்று வரை. ருசி என்பது நாலு வகை கையில் கிடைத்து, ஒன்றை ஒன்றோடு ஒப்பிட்டு வருவது. அலமாரியில் என்ன நிற்கிறதோ அதுதான் என்ற ஊரில், இருப்பதற்குள் ஸ்ட்ராங்கா லைட்டா, கூலிங்கா இல்லையா என்று பேசத்தான் வாய் பழகும்.

இன்னொன்று. யுனைடெட் புரூவரீஸ் 1915இல் உருவானபோது அதில் சேர்ந்த பழைய ஆலைகளில் நீலகிரியில் இருந்தவையும் உண்டு. வெள்ளைக்காரன் குளிருக்காக மலையேறிப்போய்க் காய்ச்சினான். ஆரம்பத்தில் கம்ப்ரசர் இல்லை, மலைதான் சில்லர்.

ஏப்ரல் 21

திருத்தம் கேட்டு வந்திருக்கிறார் ஒருவர். ஐபிஏ என்பதில் ஐ என்றால் இந்தியா, கப்பலில் கெடாமல் இருக்க வெள்ளைக்காரன் ஸ்ட்ராங்காகக் கண்டுபிடித்தது, ஆகவே ஸ்ட்ராங் நம் பரம்பரை என்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் போர்ட்டர் என்ற கறுப்பு பீரும் அதே கப்பலில் கெடாமல்தான் வந்தது. லண்டனில் கப்பல்துறைக்குப் பக்கத்தில் ஹாட்சன் என்பவரின் ஆலை இருந்தது, கேப்டன்களுக்குக் கடனுக்குக் கொடுத்தார், அதனால் அவர் பீர் இங்கே நிறைய வந்தது. வெப்ப நாட்டுக்கு அனுப்புவதில் ஹாப்ஸ் கூடப் போடுவது அவருக்கு முன்பே தெரிந்த வழக்கம். 1820களில் இங்கிலாந்தின் பர்ட்டன் ஊர்க்காரர்கள் போட்டிக்கு வந்து அவரை ஓரங்கட்டினார்கள். அந்தக் கால அளவுக்கு அது ஸ்ட்ராங்கும் இல்லை. குடித்ததும் பெரும்பாலும் துரைமார்கள், நம் தாத்தாக்கள் இல்லை.

இன்று நாம் குடிக்கிற ஐபிஏ வாசனை அமெரிக்கா வழியாகச் சுற்றி வந்தது. 1980இல் சியர்ரா நெவாடா கம்பெனியின் பேல் ஏல் பீர், அதில் காஸ்கேட் என்ற ஹாப்ஸ். பம்ப்ளிமாஸ் தோலைக் கிள்ளினால் ஒரு வாசனை வருமே, அது.

ஜூன் 16

இரண்டு மாதமாக இந்தப் பக்கம் வரவில்லை. சீசன், ஒரு நாளைக்கு ஏழெட்டு கால். வைகாசியில் மச்சினன் வீட்டு விசேஷத்துக்குப் பெங்களூர் போனோம், கூடவே பெரியப்பாவும். எழுபத்தெட்டு வயது, சாயல்குடிப் பக்கம் பனங்காட்டிலேயே வளர்ந்தவர், பிறகுதான் மதுரைக்கு வந்தார். மச்சினன் சும்மா இருக்காமல் அவரையும் கூட்டிக்கொண்டான்.

கோதுமை பீரை ஒரு வாய் குடித்துவிட்டுத் தள்ளி வைத்தார். ஐபிஏவுக்கு முகத்தைச் சுளித்து, "வேப்பங்கொழுந்தா?" என்றார். கேப்பை போட்டுக் காய்ச்சிய பீர் என்று ஒன்று, "கூழ மிச்சம் வச்சு விக்கிறானா" என்று சிரித்தார். கடைசியில் புளிப்பு பீர். இளஞ்சிவப்பு நிறம், ஏதோ பழம் போட்டது, அவர் நிறத்தைப் பார்க்கவில்லை. ஒரு வாய். கிளாஸைக் கீழே வைக்கவில்லை. இன்னொரு வாய். மேல்துண்டால் மீசையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இது மத்தியானக் கள்ளுடா."

விளக்கமும் சொன்னார். விடியக்காலையில் இறக்கினால் தித்திப்பு, பிள்ளைகளுக்குக் கூட ஒரு வாய் கொடுப்பார்களாம். வெயில் ஏற ஏறப் புளிப்பு ஏறும். மத்தியானத்தில் தித்திப்பும் புளிப்பும் சரிக்குச் சரியாக நிற்கும். சாயங்காலம் வெறும் புளிப்பு, அதற்குத் தனி ஆட்கள். ஒரே மரம், ஒரே கலயம், ஒரு நாளைக்கு மூன்று ருசி. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் புளிக்காது, அது பதநீர். மச்சினன் பதினோரு வருடம் செலவழித்துப் போன பாதையை இவர் ஒரு பகலில் நடந்திருக்கிறார்.

ஜூன் 17

நேற்றைய கடைசி வரி கொஞ்சம் கூடுதல், உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன். கள்ளில் கசப்பு கிடையாது, ஹாப்ஸ் கிடையாது, வறுத்த மால்ட் (முளைகட்டிய தானியம்) கிடையாது. பெரியப்பாவுக்குப் புளிப்பு மட்டும்தான் பழக்கம், அதைத் தாண்டி அவர் ஒன்றையும் ஏற்கவில்லை. ஒப்பிட்டது தப்பு. ஆனால் அவர் கிளாஸைக் கீழே வைக்காதது நிஜம்.

ஜூன் 22

புளிப்பு பீர் நமக்கு ஒட்டாது என்று மறுபடியும் ஒருவர். ஐயா, இட்லி மாவைப் புளிக்கவைக்கிறோம், கம்மங்கூழ், நீராகாரம், சித்திரைத் திருவிழாவில் வாளி வாளியாக நீர்மோர். ஜெர்மனியில் கோசே என்று ஒரு பழைய பீர் இருக்கிறது, அதில் லாக்டிக் புளிப்பு, உப்பு, கொத்தமல்லி விதை. கருவேப்பிலை ஒன்றுதான் குறை. மச்சினன் எனக்கு அதை வாங்கிக் கொடுத்தபோது நான் கேட்டது, "இதுக்கு ஊறுகா குடுப்பாங்களா?"

ஜூலை 6

கேள்விக்காரர் திரும்ப வந்திருக்கிறார்! போன வாரம் மறுபடி பெங்களூர் போயிருக்கிறார். அதே இடம், அதே கலங்கல். நான் சொன்ன மாதிரி ஆறவிட்டுக் குடித்தாராம், இப்போதும் ரசம்தானாம், ரெண்டாவது கிளாஸும் ரசம்தானாம்.

சரி, ரசம் என்றே வைத்துக்கொள்வோம். ரெண்டாவது கிளாஸ் எதற்கு வாங்கினீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.